மூன்று மாற்றத்துக்கு ஒரே இன்னர்

லைவ் நிகழ்ச்சிக்கு உடை கவனிக்கும் வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "அக்கா, கிட் பேக்ல என்னென்ன வெச்சிருக்கணும்?" ஊக்கு, இரட்டைப் பக்க டேப், ஸ்டீமர் என்று யார் வேண்டுமானாலும் சொல்லிவிடலாம். நான் தாரிணியின் கதையைத்தான் சொல்வேன்.

1. வேன்

தீபாவளி சீசன். லிட்டில் இந்தியாவில் ஒரு திறந்தவெளித் திடலில் மேடை. ஏழு மணிக்கு நேரலை. தொகுப்பாளர் தாரிணிக்கு வானொலியில் நல்ல பெயர், மேடைக்குப் புதுசு. வீடு தூரத்தில், செம்பவாங்கில். நல்ல உயரம், அதற்கேற்ற உடம்பு. அவளுக்கு மூன்று உடை மாற்றம். மூன்றும் ஸ்பான்சர் கடையில் எடுத்து, அவள் அளவுக்குத் தைத்து, எங்கள் வேனில் வந்துகொண்டிருந்தன.

ஒத்திகை முடியும் நேரத்தில் வேன் டிரைவர் போன் செய்தார். "அக்கா, எக்ஸ்பிரஸ்வேல முன்னாடி பெரிய ஆக்சிடென்ட். வண்டி ஒரு இஞ்ச் நகரல லா. எனக்கு ஒண்ணும் இல்ல. ஆனா ஏழு மணிக்குள்ள சான்ஸே இல்ல."

அவருக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதில் ஒரு நிம்மதி. அது ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை. தாரிணி சாம்பல் நிற டீ-ஷர்ட்டிலும் தொளதொள கறுப்பு பலாஸோ பேண்ட்டிலும் நின்றுகொண்டிருந்தாள். அவள் வீட்டுக்குப் போய் வர நேரமில்லை. இயக்குநர் ஷாம் கையில் வாக்கி டாக்கியோடு ஓடி வந்தார்.

"மீனாக்கா, ஸ்பான்சர் கடை பக்கத்துலதானே? போய் வேற எடுத்துட்டு வாங்க."

"சேலை எடுக்கலாம் ஷாம். அவ சைஸ்ல பிளவுஸ் கிடைக்கணுமே."

ஷாம் கெட்ட மனிதர் அல்ல. மேடை காலியாக இருந்துவிடக் கூடாது, அதுதான் அவர் கவலை. "அப்போ ஸ்டாண்ட்பை பொண்ண ரெடி பண்ணுங்க. அவ ஒல்லி, எதுவும் ஃபிட் ஆகும். ஆறே முக்காலுக்கு நான் முடிவு பண்ணணும்," என்றார்.

அவர் இதைத் தாரிணிக்குக் கேட்கும்படியே சொல்லிவிட்டார். அவள் ஸ்கிரிப்ட் அட்டைகளை மேசைமேல் அடுக்கி வைத்தாள். "பரவால்லக்கா. அவங்களே மேடைக்குப் போகட்டும். நான் இப்பவே வீட்டுக்குப் போறேன்," என்றாள். முகத்தில் அழுகை இல்லை. இப்படி நடக்கும் என்று முன்பே தெரிந்து வைத்திருந்தவள் மாதிரி இருந்தாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"எங்கயும் போகாத. மேக்கப்ப முடி," என்று சொல்லிவிட்டு நடந்தேன்.

2. ஹாஜா பாய் கடை

ஸ்பான்சர் ஹாஜா பாயுடையது மூன்று தலைமுறையாகத் துணி வியாபாரம் செய்யும் குடும்பம். கடையில் கால் வைக்க இடமில்லை. கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு போய் விஷயத்தைச் சொன்னேன். அவரே ரெடிமேட் பிளவுஸ் ரேக்கைக் கலைத்துப் போட்டார். பெரிய சைஸ் எல்லாம் தீர்ந்திருந்தது. மேலே இருக்கும் தையல்காரருக்குப் போன் போட்டார். தீபாவளி நெருக்கத்தில் சிராங்கூன் ரோட்டில் எந்தத் தையல்காரரும் புது வேலை எடுக்க மாட்டார். அவரும் எடுக்கவில்லை.

"இருக்கறதுல பெருசா ஒண்ணு எடுத்து, பின்னாடி பிரிச்சு, ஊக்கு குத்துங்களேன்மா," என்றார் பாய்.

நான் அதையும் யோசித்தேன். ஆனால் தொகுப்பாளர் கையைத் தூக்க வேண்டும், திரும்ப வேண்டும், குழந்தைகளோடு ஆட வேண்டும். முதுகில் பத்து ஊக்கோடு ஒரு பெண் நிம்மதியாகப் பேச முடியுமா?

தலையைத் திருப்பினால், கல்லாவுக்குப் பக்கத்துக் கம்பியில் இன்னர் தொங்கிக்கொண்டிருந்தது. ஹிஜாப் போடும் பெண்கள் குட்டைக் கை உடுப்புக்கு உள்ளே போடுவார்களே, இழுபடும் துணியில் முழுக்கை வைத்த, வேலைப்பாடே இல்லாத டாப். எல்லா நிறத்திலும் இருக்கும். பெரிய சைஸும் எப்போதும் இருக்கும். ஒரு மெரூன் இன்னரை எடுத்து இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்தேன். நன்றாக விரிந்தது. விட்டால் பழையபடி சேர்ந்தது. பளபளப்பு இல்லை, அதனால் விளக்கு வெளிச்சத்தில் கண் கூசாது.

"பாய், இதுதான் பிளவுஸ்."

அவர் முகம் மாறியது. "என்னம்மா நீங்க! நான் பட்டக் காட்டச் சொன்னா நீங்க இன்னரக் காட்டுறீங்க! என் சம்சாரம், மச்சான், எல்லாரும் டிவி முன்னாடி உக்காந்திருக்காங்க."

"பட்டுதான் தெரியும் பாய். இது பின்னாடி நிக்கும். நம்பிக் குடுங்க. நல்லா இல்லன்னா நீங்களே வந்து வேணாம்னு சொல்லுங்க, ஸ்டாண்ட்பை பொண்ண ஏத்திடுவோம்."

பாய் அந்த இன்னரைத் தானும் ஒரு தடவை இழுத்துப் பார்த்தார். பிறகு கடைப் பெண்ணைக் கூப்பிட்டு, "அக்கா கேக்கறதெல்லாம் எடுத்துக் குடு," என்றார்.

நான் கேட்டது அதிகமில்லை. மாம்பழ மஞ்சளில் ஒரு பட்டுச் சேலை. நாடா வைத்த பாவாடை. நாடாவை இழுத்துக் கட்டுவதால் எந்த இடுப்புக்கும் சரியாக வரும் பச்சை லெஹங்கா ஸ்கர்ட் ஒன்று, அதற்குத் தங்க நிறத் துப்பட்டா. முன்பக்கம் திறந்த, பொத்தான் இல்லாத நீள எம்பிராய்டரி ஜாக்கெட். அகலமான இடுப்பு பெல்ட். ஒரு ஜோடி ஜிமிக்கி, ஒரு நீள முத்து மாலை.

3. கூடாரம்

தாரிணி இன்னரை வாங்கிப் பார்த்தாள். "இது எங்க அம்மாவோட ஃபிரெண்ட் போடுறது லா," என்றாள். போட்டுக்கொண்டு கையைத் தலைக்கு மேல் தூக்கினாள். இப்படித் திரும்பினாள், அப்படித் திரும்பினாள். கண்ணாடியை இரண்டாம் முறை பார்த்தாள். நான் சேலையைச் சுற்றி, மடிப்பு வைத்து, பெல்ட்டை மாட்டினேன். வட்டக் கழுத்துக்கு மேலேயே முத்து மாலையை நீளமாக விட்டேன்.

ஷாம் உள்ளே வந்தார். ஹாஜா பாயும் பின்னாலேயே வந்துவிட்டார். இரண்டு பேரும் அவளைச் சுற்றி வந்து பார்த்தார்கள்.

"கேமராவுல பாக்கணும்," என்றார் ஷாம்.

அவளை மேடைக்கு அழைத்துப் போனோம். மானிட்டரில் மஞ்சள் பட்டு தீபம் எரிகிற மாதிரி தெரிந்தது. மெரூன் அதற்காகவே நெய்த மாதிரி இருந்தது. ஷாம் வாக்கி டாக்கியை வாய்க்குக் கொண்டுபோய், "தாரிணிதான் போறாங்க. ஸ்டாண்ட்பை ரிலாக்ஸ்," என்றார். பாய் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

இரண்டாவது மாற்றத்தில் சேலையும் பாவாடையும் கழன்றன. லெஹங்காவும் துப்பட்டாவும் வந்தன. முத்து மாலை கழுத்தை இரண்டு சுற்றிக் குட்டையானது. மூன்றாவதில் அவளுடைய சொந்த பலாஸோ, மேலே ஜாக்கெட், மாலை மணிக்கட்டில் வளையலாகச் சுற்றியது. இன்னர் கழலவே இல்லை. மைக்கும் இன்னரிலேயே இருந்ததால், அதைக் கழற்றி மாட்டும் வேலையும் மிச்சம். ஒலி பார்க்கும் பையன் கட்டை விரலைக் காட்டினான். மாற்றி முடித்த வேகத்தைப் பார்த்து, "என்னக்கா, அவ்வளவுதானா?" என்று தாரிணியே சிரித்தாள்.

மேடையில் அவள் குழந்தைகளோடு ஆடினாள். குனிந்து ஒரு பாட்டியின் கையைப் பிடித்துப் பேசினாள். ஒரு தடவைகூட உடையைச் சரிசெய்யவில்லை.

பாய் போனைப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "சம்சாரம் மெசேஜ் போட்டிருக்கு. அந்த மெரூன் பிளவுஸ் யாரு தைச்சாங்கன்னு கேக்குது. நான் என்னான்னு சொல்ல?" அவர் சிரிக்கவும்தான் எனக்கு மூச்சு வந்தது. அங்கே இருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தேன். யாரோ கொடுத்த தே தாரிக் டீ ஆறிப்போயிருந்தது. அவ்வளவு ருசியாகக் குடித்தேன்.

கடைசிப் பாட்டு ஓடும்போது வேன் வந்து சேர்ந்தது. டிரைவர் மூன்று உடைகளையும் தோளில் போட்டுக்கொண்டு ஓடி வந்தார். "லேட்டாக்கா?" என்று அவர் கேட்ட விதத்தில் எல்லோரும் சிரித்துவிட்டோம்.

நிகழ்ச்சி முடிந்ததும் தாரிணி கூடாரத்துக்குள் வந்து, வேனில் வந்த உடைகளில் இருந்த பட்டு பிளவுஸைத் தொட்டுப் பார்த்தாள். அவள் அளவுதான். அழகாகவும் இருந்தது.

"அக்கா, இத ஃபிட்டிங்ல போட்டப்போ சரியா இருக்குன்னு சொன்னேன்ல? வயித்த உள்ள இழுத்துக்கிட்டுத்தான் சொன்னேன். எப்பவும் அப்படித்தான். இன்னிக்கு ரெண்டு மணி நேரம், ஒரு தடவகூட இழுக்கல."

அவள் தோளில் தட்டிக் கொடுத்தேன்.

என் பேக்கில் இப்போது நாலு நிறத்தில் இன்னர் இருக்கிறது. ஒரு நீள மாலை, ஒரு பெல்ட், ஒரு தங்கத் துப்பட்டா. பாதி உடைப் பிரச்சினை அதிலேயே தீர்ந்துவிடும். ஆனால் நான் கற்றுக்கொண்டது அது இல்லை. யாருக்கு அளவெடுத்தாலும், டேப்பை இடுப்பில் சுற்றிய பிறகு கொஞ்சம் காத்திருப்பேன். "மூச்ச விடுங்க," என்பேன். அவர்கள் சங்கடத்தோடு சிரிப்பார்கள். அப்புறம் விடுவார்கள். அப்போது டேப் காட்டுகிற எண்ணைத்தான் எழுதிக்கொள்வேன்.