இலையை மறைக்கும் கை

மத்தியானம் பன்னிரண்டு ஆனால் போதும், இந்த ஜெர்மன் ஆய்வகத்தின் நடைவழியில் எதிரே வருபவர்கள் எல்லாம் "மால்ட்ஸைட்!" என்கிறார்கள். சாப்பாட்டு நேரம் என்று பொருள். வந்த புதிதில் நான் நின்று, "இன்னும் இல்லை, நீங்க சாப்பிட்டீங்களா?" என்று ஆங்கிலத்தில் அக்கறையாக விசாரிப்பேன். அவர்கள் விழித்துவிட்டு நகர்வார்கள். அது வெறும் வணக்கம்தான் என்று புரிய ஒரு மாதம் ஆனது. நானோ நாள் முழுக்கச் செல்களின் சாப்பாட்டையே ஆராய்கிறவள்!

ரத்தக் குழாய்ச் சுவரில் படியும் கொழுப்பை அள்ளப் போகும் நோய் எதிர்ப்பு செல்கள், அளவில்லாமல் தின்று, உப்பி, அங்கேயே தங்கி அடைப்பாகிவிடுகின்றன. பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பிலிருந்து ஓய்வு பெற்ற என் அப்பாவுக்குப் இப்படியொரு அடைப்புக்குத்தான் போன வருடம் இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்தார்கள். லீவில் போயிருந்த என்னிடம் அம்மா விவரம் கேட்டாள். ஸ்ரீரங்கத்தில் ஒரு மெஸ்ஸில் பரிமாறுகிறவள், பள்ளிக்கூடம் பார்க்காதவள்.

"காவலுக்கு வந்த செல்லுங்க தின்னுட்டு எந்திரிக்க முடியாம உட்கார்ந்துடுதும்மா. 'போதும்'னு சொல்ல வைக்கிற ஜீன் ஒண்ணு இருக்கு. அது அடங்கிக் கெடக்கு."

"வாயால போதும்னா நானே நம்ப மாட்டேன்டி. ரெண்டு கையாலயும் இலையை மறைச்சாத்தான் கரண்டியை எடுப்பேன்."

அந்த ஜீனைத் தூண்டும் சோதனை ஏற்கெனவே இரண்டு முறை தோற்றிருந்தது. மூன்றாவதும் தோற்றால் இந்தக் கேள்வியையே விட்டுவிடலாம் என்று பேராசிரியர் சொல்லியிருந்தார். எங்கள் வீட்டில் முதன்முதலாகப் படித்தவள் நான். விட்டுவிடுவது எனக்கு வராது. நேற்று மூன்றாவது சோதனையின் செல்களைப் பார்க்க மைக்ரோஸ்கோப்பில் குனிந்தேன். சாயத்தில் கொழுப்பு சிவப்பாகத் தெரியும். தூண்டாத செல்கள் குங்குமம் கொட்டியதுபோல் கிடந்தன. தூண்டியவற்றில் அங்கங்கே ஒரு புள்ளி, அவ்வளவுதான்.

"கையை வெச்சு மறைச்சுடுச்சு!" என்று தமிழில் கத்தி, இரண்டு கைகளையும் விரித்துக் குதித்தேன். பக்கத்து மேசை ஹான்னா நான் கையைச் சுட்டுக்கொண்டதாக நினைத்து முதலுதவிப் பெட்டியோடு ஓடி வந்தாள். விஷயம் தெரிந்ததும் அந்தப் பெட்டியோடே என்னுடன் ஆடினாள். பேராசிரியர் படத்தைப் பார்த்துவிட்டு, "தொடருங்கள்" என்றார். உடனே அம்மாவுக்கு போன் போட்டேன்.

"மறைச்சுடுச்சா! அப்ப உங்கப்பாவுக்கு ரெண்டு வடை போடட்டுமா?"

"கண்ணாடித் தட்டுல இருக்கிற செல்லுதாம்மா மறைச்சிருக்கு. மருந்தா வர ரொம்ப நாளாகும். வடையெல்லாம் கெடையாது."

பின்னாலிருந்து அப்பா: "இவ்வளவு படிச்சு என்னம்மா பிரயோஜனம்!"

சிரித்துக்கொண்டே கேன்டீனுக்குப் போனேன். வழியெல்லாம் "மால்ட்ஸைட்!" என்று நானே முந்திக்கொண்டு சொன்னேன். தட்டில் ஒரே ஒரு கரண்டி உருளைக்கிழங்கு விழுந்தது. இன்னும் கொஞ்சம் என்று இங்கே யாரும் வற்புறுத்துவதில்லை. மறைக்க வேண்டிய அவசியமே இல்லாத கைகளால் நிம்மதியாகச் சாப்பிட்டேன். முடித்ததும் என் கை தானாகத் தட்டின் எதிர் விளிம்பைப் பிடித்து, இலையை மடிப்பதுபோல் என் பக்கம் இழுத்தது. பீங்கான் மடியவில்லை.