எலிமாமாவின் வலது கால்

"ஆடாதீங்க மாப்பிள்ளை, கோணலாயிடும்" என்று கெஞ்சிக்கொண்டே, கூண்டுக் கம்பிக்கு வெளியே நீண்டிருக்கும் எலி வாலில் சிவப்பு நெயில் பாலிஷ் பூசுகிறார் எலிமாமா. பூசிவிட்டு, கன்னம் உப்ப ஊதி ஊதிக் காயவைக்கிறார். பாலிஷ் அவர் மனைவியுடையது. "என் நகம் மொட்டையா கிடக்கு, ஊர் எலியெல்லாம் மினுக்கிட்டுத் திரியுது" என்பது அந்த அம்மாளின் அன்றாடப் புலம்பல்.

எலி பிடிப்பது அவர் தொழில். கொல்வதில்லை என்பது பிடிவாதம். பிடித்ததை ரயில் பாதைக்கு அப்பால் புதரில் விட்டுவிடுவார். போனது திரும்பி வந்தால் அடையாளம் தெரியத்தான் வாலில் சிவப்பு. "இதுவரைக்கும் ஒருத்தர்கூடத் திரும்பலைங்க. ரோஷக்காரங்க!" என்று பெருமை வேறு.

நேற்றுக் காலை நான் பேக்கரியில் பன் வாங்க நின்றபோது, எலிமாமா அங்கே எடுக்க வந்த கூண்டில் ஒரு ரோஷம் கெட்டவர் விழுந்திருந்தார். வால் ஏற்கெனவே சிவப்பு.

பேக்கரி முதலாளியம்மா வாளித் தண்ணீரைக் கொண்டுவந்து டங்கென்று வைத்தார். "என் கண்ணெதிர்ல இதுல முக்குங்க. இல்லைன்னா நாளைலேருந்து வேற ஆளைப் பார்த்துக்கறேன்." எலிமாமாவின் பாதிப் பிழைப்பு அந்தக் கடைதான்.

அவர் கூண்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். "உயிருன்னா எல்லாம் ஒண்ணுதாம்மா! சின்னது பெரிசுன்னு பார்க்கலாமா? அந்த மூக்கைப் பாருங்க, எப்படித் துடிக்குதுன்னு..." குரல் தழுதழுத்தது. எனக்கே கண் கலங்கிவிட்டது. அந்த நேரம் பார்த்து ஒரு கரப்பான் குறுக்கே ஓடியது. பேச்சு நிற்கவில்லை, வலது கால் மட்டும் தன்பாட்டுக்குப் போய் அதைச் சப்பென்று மிதித்தது.

"ஏன், இதுக்குப் பாலிஷ் கிடையாதா?" என்றார் முதலாளியம்மா.

அவ்வளவுதான். மாவுக் கையால் வாயைப் பொத்திக்கொண்டு அவர் சிரித்த சிரிப்பில் மூக்கெல்லாம் மாவு. நான் பன்னைக் கீழே போட்டுவிட்டேன். எலிமாமாதான் சிரிக்கவில்லை. மிதித்த காலைத் தூக்கவும் இல்லை.

"போங்க, இன்னும் தூரமா கொண்டுபோய் விடுங்க" என்று முதலாளியம்மா வாளியைத் தள்ளி வைத்தார். "இவ்வளவு சிரிச்சப்புறம் எப்படிக் கொல்றது? நாளைக்கு நேரத்தோட வந்துடுங்க."

பிழைப்பு தப்பியதுகூட அவர் காதில் ஏறவில்லை. "இத்தனை வருஷமா இந்தக் கால் எனக்குத் தெரியாம என்னென்ன பண்ணிச்சோ..." என்று முனகினார்.

பிறகு செருப்பைக் கழற்றி ஒரு கையில் எடுத்துக்கொண்டார். மறு கையில் கூண்டு. தரையைப் பார்த்துப் பார்த்து, நுனிக்காலில் வாசலைத் தாண்டிப் போனார்.