நீளக் கோடுகளைப் பெரிய மீன் என்று சொல்ல மறுத்தவர்

தேவசகாயம் செவ்வாய்க்கிழமை காலை வேலூரில் காலமானார். அங்கே செவிலியராக இருக்கும் அவருடைய மகள் எஸ்தர் தொலைபேசியில் இதை உறுதிசெய்தார். ஏரிக்கரைக்காரர்களில் எத்தனை பேருக்குச் செய்தி போய்ச் சேர்ந்தது என்று தெரியவில்லை. அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

மீன் ஆய்வுப் படகில் எதிரொலிக் கருவியை இயக்கியவர் அவர். கருவி தண்ணீருக்குள் ஒலியை அனுப்பும். மீனில் பட்டுத் திரும்பும் ஒலியை, ஓடுகிற காகிதத்தில் ஊசி கறுப்புக் கோடாகக் கீறும். எண்பதுகளின் தொடக்கம் அது. ஆம்பூர்ப் பக்கத்து ஏரி ஒன்றில் தோல் தொழிற்கூடக் கழிவுநீர் கலந்து மீன் சாகிறது, அது வரும் வாய்க்காலை அடைக்க வேண்டும் என்று மீனவர்கள் மனுக் கொடுத்திருந்தார்கள். விசாரிக்க வந்த குழுவோடு, பத்திரிகை நிருபராக நானும் படகில் ஏறினேன்.

ஏரி நடுவில் இன்ஜினை நிறுத்தினார்கள். காகிதத்தில் விரல் நீளத்துக்குக் கோடுகள் விழுந்தன. குழுத் தலைவர் குனிந்து பார்த்துச் சிரித்தார்.

“இன்னாய்யா, மீனே இல்லன்னாங்க? ஒவ்வொண்ணும் தொடை தண்டி இருக்கும் போல!”

“நீளத்தப் பாக்காதீங்க சார்,” என்றார் தேவசகாயம். “அது மீனோட நீளம் இல்ல, நமக்குக் கீழ அது நின்ன நேரம். சைஸ் தெரியணும்னா தடிமனப் பாருங்க. நூல் கணக்கா இருக்குது. எல்லாம் பொடி மீன்.”

“பொடி மீன் எதுக்கு இவ்ளோ நேரம் நிக்குது?”

“நீந்தத் தெம்பு இல்ல சார்.”

படகோட்டி வந்த மீனவர் முனுசாமி வலையை இறக்கினார். வந்தவை எல்லாம் சின்னக் கெண்டைகள். ஒன்றும் துள்ளவில்லை. “இதுக்கு வலையே ஜாஸ்தி சார், கையால அள்ளலாம்,” என்றார். தலைவர் கரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பெரிய மீன்கள் நிறைய இருப்பதாகவும் தண்ணீரில் குறையில்லை என்றும் அறிக்கை தயாரானது. தேவசகாயம் கையெழுத்துப் போடவில்லை. தன் மறுப்பைத் தனியாக எழுதி, எனக்குப் படித்துக்காட்டிவிட்டுத்தான் குழுவிடம் கொடுத்தார்.

நான் அறிக்கையை மட்டும் செய்தியாக்கினேன். மறுப்புக்கு இடமில்லை என்றார் ஆசிரியர், நான் வாதாடவில்லை. மனு தள்ளுபடியானது. அந்தக் கோடையில் ஏரி முழுக்க மீன் செத்து மிதந்தது. முனுசாமி தோல் தொழிற்கூடத்திலேயே கூலி வேலைக்குப் போனார்.

தேவசகாயத்தைக் கடலோர ஊர் ஒன்றுக்கு மாற்றினார்கள். புறப்படும் முன் என் அலுவலகத்துக்கு வந்தார். நான் ஏதோ சமாதானம் சொல்லத் தொடங்கினேன். “தலைவருக்கு மிஷின் தெரியாது, உட்டுடலாம். உங்களுக்கு நான் சொல்லிக் காட்டினேனே சார்,” என்றார். வரவழைத்த டீயைத் தொடாமலே போய்விட்டார். அவருடையதாக என்னிடம் இருப்பது அந்த ஒரு வாக்கியம்தான்.

அந்த ஏரிக்காக மீனவர்கள் இப்போது வழக்குப் போட்டிருக்கிறார்கள். மறுப்புக் குறிப்பு கோப்பில் இல்லை என்று துறையிடமிருந்து பதில் வந்திருக்கிறது. அதனால் எழுதியவரையே சாட்சியாக அழைக்க இருந்தார்கள். விசாரணை பொங்கல் விடுமுறைக்குப் பிறகு. குறிப்பைக் கேட்டவன் என்ற முறையில் சாட்சிப் பட்டியலில் என்னைச் சேர்க்கச் சொல்லி எழுதியிருக்கிறேன். ஏற்பார்களா என்பது அடுத்த வாரம் தெரியும் என்கிறார் மீனவர்களின் வழக்கறிஞர்.