யாரும் பறிக்காத மிளகு

எங்கள் ஊர் மளிகைக் கடையில் 'கடன் அன்பை முறிக்கும்' என்று ஒரு அட்டை தொங்குகிறது. அதற்குக் கீழேயே நின்று அரைக் கிலோ சர்க்கரையைக் கடனுக்கு வாங்கி வருகிறவள் நான். அந்த அட்டைக்கு மரியாதை கொடுத்திருந்தால் என் தம்பிக்கு அறுபதாயிரம் கொடுத்திருக்க மாட்டேன்.

அப்பா அம்மா போன பிறகு எனக்குத் தாய்வீடு என்றால் அவன் ஒருத்தன்தான். பழைய லோடு வண்டி ஒன்று விலைக்கு வருகிறது, அன்னாசியும் குச்சிக்கிழங்கும் ஏற்றி மலைக்குக் கீழே இறக்கினால் ஒரே வருஷத்தில் பணத்தைத் திருப்பிவிடலாம் என்றான். ஆடு விற்று, கிழங்கு விற்று, வீட்டுக்குத் தளம் போட நான் சேர்த்து வைத்திருந்த பணம். "கூடப் பொறந்தவனுக்குக் குடுக்கறதுன்னா, திரும்பி வராதுன்னு நெனச்சுக் குடு" என்றார் என் வீட்டுக்காரர். என் பிறந்த வீட்டைக் குறை சொல்லாவிட்டால் உங்களுக்குச் சோறு இறங்காதே என்று சொல்லிவிட்டுக் கொடுத்தேன்.

வண்டி ரோட்டில் ஓடியதைவிட மெக்கானிக் ஷெட்டில் நின்றதுதான் அதிகம். எழுபது கொண்டை ஊசி வளைவும் ஏறி இறங்க அந்த எஞ்சினுக்குத் தெம்பு இல்லை. வருஷம் ஒன்று போனது. நான் கேட்கவில்லை. அவனே ஒருநாள் வந்து தலையைக் குனிந்துகொண்டு, "ஏக்கா, ஓடைக்கு அந்தாண்ட இருக்கற பன்னெண்டு மரத்து மொளகு இனி உன்னுது. கடன் தீர்ற வரைக்கும் நீயே பறிச்சுக்க" என்றான்.

எங்கள் பக்கத்தில் அது வழக்கம்தான். பணம் இல்லாவிட்டால் மரத்தைக் காட்டிவிடுவார்கள். காட்டிய பிறகு சொந்தக்காரன் அந்த மரத்துக் கொடியில் கை வைக்க மாட்டான். அடுப்பு எரியாவிட்டாலும் வைக்க மாட்டான். "சரி கண்ணு" என்றேன். வாய்தான் சொன்னது. தம்பி பிள்ளைகளின் சோற்றைப் பறித்து நான் தளம் போடுவதா? அவனே பறித்து விற்றுக்கொள்ளட்டும் என்று இருந்துவிட்டேன். அதை அவனிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. எனக்கு எவ்வளவு பெரிய மனசு என்று என்னை நானே மெச்சிக்கொண்டிருந்தேன்.

மிளகு பழுத்தது. நான் போகவில்லை. கொடுத்த சொல் கொடுத்ததுதான் என்று அவனும் தொடவில்லை. குருவி தின்றது போக மிச்சம் உதிர்ந்து மண்ணோடு போனது. அக்காவுக்கு மிளகு வேண்டாம், ரொக்கம்தான் வேண்டும், அந்தக் கோபத்தில்தான் வரவில்லை என்று அவன் நினைத்துக்கொண்டானாம். காய்த்ததைப் பறிக்கக்கூடத் துப்பில்லாத சோம்பேறி என்று நான் இங்கே திட்டிக்கொண்டிருந்தேன். அவன் வீட்டுக்கு வருவது நின்றது. சந்தையில் என் தலை தெரிந்தால் வாழைத்தார்களுக்குப் பின்னால் போய்விடுவான்.

அடுத்த பொங்கலுக்குச் சீர் பஸ்ஸில் வந்தது. "ஏனுங்க, உங்க தம்பி குடுத்துவுட்டாருங்க" என்று கண்டக்டர் ஒரு பையை இறக்கி வைத்துவிட்டு விசில் அடித்தார். பச்சரிசி, வெல்லம், தேங்காய், சேலை, ஒன்றும் குறையவில்லை. கொண்டு வருகிற ஆள்தான் இல்லை. ரோட்டோரத்தில் உட்கார்ந்து அழுதேன். அறுபதாயிரத்துக்காக நான் ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டதில்லை.

பொங்கல் முடிந்த கையோடு சாக்கை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். அவன் மாட்டுக் கொட்டகையில் சாத்தியிருந்த ஒற்றை மூங்கில் ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு, அவனைக் கூப்பிடாமலே ஓடையைத் தாண்டினேன். அந்த ஏணியைக் கீழே ஒருவர் பிடிக்க வேண்டும். தெரிந்தும் ஏறினேன், ஆத்திரம். நாலாவது படியில் ஏணி சாய்ந்தது. சாய்ந்தது அப்படியே நின்றது. கீழே என் தம்பி, ஓடி வந்ததில் மூச்சு வாங்க, இரண்டு கையாலும் பிடித்திருந்தான்.

"உளுந்து கையைக் காலை ஒடிச்சுக்கறதுக்கா வந்தே?"

"நீ பறிச்சிருந்தா நான் ஏண்டா ஏறப்போறேன்?"

"உன்னுதை நான் எப்படிக்கா பறிப்பேன்?"

"உன்னுதுன்னு நெனச்சுத்தாண்டா நானும் உட்டேன்!"

நான் குனிந்து பார்த்தேன். அவன் காலைச் சுற்றிப் போன வருஷம் உதிர்ந்த மிளகெல்லாம் முளைத்துக் கிடந்தது. அதைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஏணி ஆடியது. "சிரிக்காம புடிச்சுக்க சாமி" என்று அவன் கத்தினான். அன்றைக்குப் பறித்ததில் பாதி கடனுக்கு, பாதி அவன் வீட்டுக்கு என்று பேசி முடித்தோம்.

கடன் இன்னும் பாதிகூட அடையவில்லை. ஆனால் இந்தப் பொங்கலுக்கு அவனே வந்தான், புகை கக்கும் அந்த வண்டியில். தட்டில் இருந்த சேலையைத் தொட்டதுமே விலை கூடியது என்று தெரிந்தது. "இதுக்கு ஏதுடா காசு?" என்றேன்.

தம்பி என் வீட்டுக்காரரைப் பார்த்தான். அவர் இன்னும் தளம் போடாத கூரையை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.