இரண்டாம் பக்கத்து மனைவி

போன வாரம் காய்கறி வாங்கப் பசாருக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். எதிர்வீட்டு சரஸ்வதி வந்து நின்றாள். கையில் பழுப்புத் தாள் அட்டை போட்ட ஒரு புத்தகம்.

"அக்கா, இதப் படிச்சிட்டு ஒண்ணு மட்டும் சொல்லுங்க. கடைசியில அந்த மனுசன் வீட்டுக்குத் திரும்பி வர்றாரா? நான் எழுத்துக் கூட்டிப் படிக்கறதுக்குள்ள எங்க வீட்டுக்காரரு கப்பல் ஏறிடுவாரு."

எந்தப் புத்தகம் என்று நான் சொல்லத்தான் வேண்டுமா? அது மெட்ராஸ் கப்பலில் வந்து இறங்கியதிலிருந்து எங்கள் காஜா பெராங் வட்டாரம் முழுக்க இதே பேச்சுதான். தன்னைத் தேடி வீட்டை விட்டுப் புறப்பட்ட ஒருவர் எழுதிய அனுபவங்கள். கோப்பிக்கடையில் பாராட்டு, கோயில் வாசலில் பாராட்டு... ஏன், இந்தப் பத்திரிகையிலேயே பாராட்டியாயிற்று.

சரஸ்வதியின் கணவர் மாணிக்கம் ரப்பர் கம்பெனியில் கணக்கு எழுதும் கிராணி. புத்தகத்தைப் படித்து முடித்தவர், வேலையை விட்டுவிட்டு இமயமலைக்குப் போகிறேன் என்கிறாராம். சங்கத்தில் வழியனுப்பு விருந்து வைத்து மாலையும் போட்டுவிட்டார்கள். நம் வழக்கம் தெரிந்ததுதானே — கப்பல் ஏறுகிறேன் என்று ஒருவர் வாய் திறந்தால் போதும், பலகாரத்துக்குச் சொல்லிவிடுவோம். மாலை விழுந்த பிறகு போகாமல் இருப்பது எப்படி?

படித்தேன். எவ்வளவு ஆசையோடு உட்கார்ந்தேன் தெரியுமா? நதி வருகிறது, பனி வருகிறது, ஒரு குகை வருகிறது. 'நான் யார்' என்று பக்கத்துக்குப் பக்கம் கேட்கிறார். நல்ல தமிழ், குறை சொல்ல மாட்டேன். ஆனால் இரண்டாம் பக்கத்தில் 'மனைவியிடம் விடைபெற்றேன்' என்று ஒரு வரி. அவ்வளவுதான் — அந்த அம்மாள் அப்புறம் எங்குமே இல்லை. எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது கோபம்.

மாணிக்கத்தின் மேல் மட்டும் கோபம் வரவில்லை. கல்யாணத்துக்கு முன்னாலிருந்து அதே மேசை, அதே துரை. இப்போது அந்த வெள்ளைக்காரத் துரையே மூட்டை கட்டுகிறார். இந்த நாட்டுக்கும் சுதந்திரம் வரப்போகிறது, யாரைப் பார்த்தாலும் 'நீங்க இங்கேயா, இந்தியாவா' என்று கேட்கிறார்கள். தான் யாரென்று அந்த மனிதருக்குக் குழப்பம் வராதா?

சாயங்காலம் அவர்கள் வீட்டுக்கே போனேன்.

"தம்பி, இந்த ஆசிரியரோட சம்சாரம் பேரு என்ன?"

"பேரா? எங்கேயோ வரும்க்கா... இருங்க."

புத்தகத்தை வாங்கிப் புரட்டினார். முன்னும் பின்னும் புரட்டினார். கோப்பி கொண்டுவந்து வைத்த சரஸ்வதி உள்ளே போகாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"திரும்பி வந்தாரான்னு எழுதல, சரசு," என்றேன். அவள் முகத்தைப் பார்க்கச் சங்கடமாக இருந்தது.

மாணிக்கம் புத்தகத்தை மூடினார். "பேரும் எழுதல," என்றார் மெதுவாக.

ஆறிப்போன கோப்பியை ஒரே மடக்கில் குடித்தார். பிறகு மனைவியிடம் கேட்டார்.

"மாலையெல்லாம் போட்டுட்டாங்களே, போகலன்னா சிரிப்பாங்க. வேலைய விடல, ஊருக்குப் போக லீவு கேக்கறேன். நீயும் வர்றியா? பாத்துட்டு வந்துடுவோம்."

"அங்க ரொம்பக் குளிருமே."

"கம்பளி வாங்கலாம்."

நேற்று சங்கத்திலிருந்து அழைப்பிதழ் வந்தது. இரண்டாவது வழியனுப்பு விருந்து! 'திரு. மாணிக்கம், திருமதி மாணிக்கம்' என்று அச்சடித்திருக்கிறார்கள். திருமதிக்குப் பக்கத்தில் இருந்த தன் பெயரை அடித்துவிட்டு, அனுப்புவதற்கு முன்பே ஒவ்வொரு அழைப்பிதழிலும் தன் கையாலேயே 'சரஸ்வதி' என்று எழுதியிருக்கிறார் மாணிக்கம்.

இவர் எழுதட்டும் ஒரு புத்தகம், நான் காசு கொடுத்தே வாங்கிப் படிக்கிறேன்.