பின்சீட்டில் மேனேஜர்

என் அக்கா கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறாள். அவள் பக்கத்தில் உட்கார்ந்து ஸ்டியரிங்கைப் பிடிக்கத் தனித் தைரியம் வேண்டும். கியரைத் தப்பாகப் போட்டால் ஏழு தலைமுறையையும் இழுத்துத் திட்டுவாள். இறங்கும்போது, நாளைக்கு இன்னும் நன்றாக ஓட்டுவாய் என்று முதுகில் தட்டி அனுப்புவாள். வாய் ஓயாத பிறவி. எனக்கும் அவளுக்கும் சின்ன வயதிலிருந்தே ஏழாம் பொருத்தம். ஆனாலும் அவள் தொழிலைக் குறை சொல்ல எனக்கு நாக்கு வராது.

புதிதாக வருகிறவர்களுக்கு முதல் நாளே ஒரு பாடம் உண்டு. பின்சீட்டைக் காட்டி, "அங்க மேனேஜர் படுத்திருக்கார். அவருக்குக் கழுத்து நிக்காது. கிளட்ச வெடுக்குன்னு விட்டா தல ஆடிடும், பாத்து ஓட்டு" என்பாள். வந்தவர் திரும்பிப் பார்ப்பார். வெறும் சீட்தான் இருக்கும்.

மேனேஜர் அவளுடைய மகன். பிறந்து சில வாரங்களிலேயே கைகால் துவண்டுவிட்டது. மரபணுக் கோளாறு, தசைகளுக்கு வலுவே வராது என்றார் டாக்டர். அப்பா அம்மா இருவரிடமும் சத்தமில்லாமல் இருந்துவிட்டுப் பிள்ளையிடம் வந்து வேலையைக் காட்டுகிற கோளாறாம். பயலோ படுத்த இடத்திலிருந்தே கண்ணை உருட்டி வீட்டையே வேலை வாங்கினான். ஃபேன் நின்றால் ஒரு பார்வை, பால் தாமதமானால் ஒரு பார்வை. அதைப் பார்த்துத்தான் அக்கா வீட்டுக்காரர் அந்தப் பட்டத்தைக் கொடுத்தார். காரில் போவதென்றால் அவனுக்கு உயிர். அவன் தலை அலுங்காமல் ஓட்டி ஓட்டித்தான் அக்காவுக்கு அந்தப் பக்குவம் வந்தது.

முதல் பிறந்தநாள் வருவதற்குள் போய்விட்டான். அக்கா சில மாதம் அழுதாள், அப்புறம் பேச ஆரம்பித்தாள். அவளிடம் வண்டி பழகிய யாரைக் கேட்டாலும் மேனேஜரைத் தெரியும்.

எனக்குக் கல்யாணம் நிச்சயமானதும் அம்மா அக்காவைக் கூப்பிட்டுக் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். "வர்ற பொண்ணு பயந்துடும். அவளுக்கு ஒரு புள்ள பொறக்குற வரைக்கும் இந்த வீட்ல அவன் பேச்ச எடுக்காத." எனக்கும் வரப்போகிற பெண்ணுக்கும் பரிசோதனை செய்து, பயப்பட ஒன்றுமில்லை என்று டாக்டர் சொன்ன பிறகும் அம்மா இறங்கி வரவில்லை. என் மனைவிக்குத் தெரிந்ததெல்லாம், அக்காவுக்கு ஒரு குழந்தை இருந்தது, இன்ன நோயால் இறந்தது என்பது மட்டும்தான்.

அக்கா சண்டைக்கு நிற்பாள் என்று நினைத்தேன். சரி என்றாள். அன்றிலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்தால் பெட்டிப்பாம்பாக உட்கார்ந்திருப்பாள், கேட்டதற்கு மட்டும் பதில் சொல்வாள். அண்ணிக்குத் தன்னைப் பிடிக்கவில்லை என்று என் மனைவி முடிவே கட்டிவிட்டாள்.

அவள் முழுகாமல் இருந்தபோது ஒருநாள் டாக்ஸியில் ஆஸ்பத்திரிக்குப் போனாள். மேடு பள்ளம் எதுவும் தெரியாமல் வண்டி போயிருக்கிறது. என் வயிற்றைப் பார்த்துத்தான் இவ்வளவு பதமாக ஓட்டுகிறீர்களா என்று கேட்டிருக்கிறாள். டிரைவர் சிரித்து, அப்படியில்லை, பின்சீட்டில் மேனேஜர் இருப்பதாக நினைத்து ஓட்டச் சொல்லி டீச்சர் பழக்கியது என்றாராம். அது யார் என்று கேட்டதுதான் தாமதம், ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் மேனேஜர் புராணம்தான். கோபம் வந்தால் ஒற்றைப் புருவம் மட்டும் ஏறுமாம். ரிவர்ஸ் எடுக்கும்போது வருகிற சத்தத்துக்கு வாயெல்லாம் சிரிப்பாம். அந்த டீச்சர் எப்படி இருப்பார் என்று விசாரித்தால், சாட்சாத் எங்கள் அக்கா.

வீட்டுக்கு வந்ததும் என்னைப் பிடிபிடியென்று பிடித்துக்கொண்டாள். டாக்ஸிக்காரருக்குக் கூடத் தெரிந்த பிள்ளை எனக்கு மட்டும் அந்நியமா என்றாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அக்கா வந்தாள். என் மனைவி அவளை ஒட்டி உட்கார்ந்துகொண்டு, "அண்ணி, மேனேஜர் எப்படி இருப்பான்? எனக்கும் சொல்லுங்க" என்றாள்.

அக்கா சமையலறைப் பக்கம் பார்த்தாள். அம்மா உள்ளே பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள்.

"அவனுக்கு என்ன நோய்னுதான் எல்லாரும் கேப்பாங்க" என்றாள் அக்கா. "அவன் எப்படி இருப்பான்னு இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல. நானாத்தான் வலியப் போய்ச் சொல்லிட்டிருக்கேன்."

குரல் உடைந்துவிட்டது. அழுதுகொண்டே ஆரம்பித்தவள், இரண்டாவது கதைக்குள் பழைய அக்காவாகிவிட்டாள். கையை ஆட்டி, கண்ணை உருட்டி, அவனைப் போலவே புருவத்தைத் தூக்கிக் காட்டினாள். என் மனைவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். முதல்முதலாக அவன் சிரித்தது தன்னைப் பார்த்துத்தான் என்று அக்கா பெருமையடித்துக்கொண்டாள்.

சமையலறையில் குழாய் நின்றது. அம்மா ஈரக்கையோடு வந்து நின்றாள். இன்றைக்கு வீடு இரண்டுபடப்போகிறது என்று நான் எழுந்துகொண்டேன்.

"உன்னப் பாத்து இல்லடி" என்றாள் அம்மா. அவள் கண் நிறைந்திருந்தது. "என்னப் பாத்துதான் மொதல்ல சிரிச்சான். நீ அப்ப அசந்து தூங்கிட்டிருந்த. சொன்னா நீ வருத்தப்படுவேன்னு இத்தன நாளா சொல்லாம வச்சிருந்தேன்."