பெரிய தொரை கட்டின வீடு

மோகனராஜுக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்தது பள்ளிக்கூடம் இல்லை, அவனுடைய வேன். கண்டியில் வெள்ளைக்காரர்களை ஏற்றி இறக்கி, பின்சீட்டில் அவர்கள் பேசுவதைக் கேட்டுக் கேட்டே பாஷை பிடித்தவன். "எனக்குத் தெரியாத இங்கிலீஷா!" என்று மார்தட்டவும் செய்வான். அந்த வாய்தான் அவனை மாட்டிவிட்டது.

வருஷா வருஷம் நியூசிலாந்திலிருந்து ஒரு கிறிஸ்தவ சபைக்காரர்கள் வருவார்கள். கிட்டார், மேளம், ஸ்பீக்கர் எல்லாம் கட்டிக்கொண்டு தேயிலைத் தோட்டம் தோட்டமாகப் போய்ப் பாடுவார்கள். ஏழைகளுக்குப் பாட்டால் ஆறுதல் சொல்வது அவர்கள் ஊழியம். தலைவி ரேச்சல். தங்கமான பொம்பளை. கொச்சிக்காய் அரைத்த காரச் சம்பலைக் கண்ணீர் விட்டுக்கொண்டே இரண்டாம் தடவையும் கேட்டு வாங்கித் தின்பாள். அவர்களைக் கூட்டிப்போவது மோகனராஜ் வேன். முன்னால் முருகன் படம் ஆடிக்கொண்டிருக்கும். அதைப் பற்றி அவர்களும் கேட்டதில்லை, இவனும் சொன்னதில்லை.

போன வருஷம் அவர்கள் தேர்ந்தெடுத்தது ஹேவாஹெட்டப் பக்கம், இவன் பிறந்து வளர்ந்த தோட்டம். அங்கேதான் இவனுடைய சின்னம்மா வேலாயி கொழுந்து பறிக்கிறாள். மண்சரிவில் அவள் குடியிருந்த லயத்து வீட்டு வரிசையில் பாதி போய்விட்டது. புது வீடு வரும் என்று தோட்டத்து ஆபீசில் சொல்லி, வேலைக்குப் போகிற தாய்மார் பிள்ளைகளை விட்டுப்போகும் பிள்ளைக்காம்பராவில் ஒரு மூலையைக் காட்டினார்கள். வீடு வந்த பாடில்லை. விடிந்தால் பிள்ளைகள் வந்துவிடும், அதற்குள் பாயைச் சுருட்டிச் சாமானை ஒதுக்க வேண்டும். "எனக்குன்னு சாத்திக்க ஒரு கதவு இருந்தா போதும்டா" என்பாள்.

அன்றைக்குப் பார்த்து, மொழிபெயர்க்கிற போதகருக்குக் காய்ச்சல். பள்ளிக்கூட மண்டபம் நிறைய ஜனம். ரேச்சல் மைக்கை மோகனராஜ் கையில் திணித்துவிட்டாள். பாட்டுக்கு முன்னால் அவள் சொன்னது இதுதான்: நம்முடைய மாஸ்டர் உங்களுக்கு வீடு ஆயத்தம் செய்திருக்கிறார், அவரே வந்து அழைத்துப் போவார்.

மாஸ்டர் என்றால் தோட்டத்தில் வாத்தியார். வாத்தியார் எங்கே வீடு கட்டுவது? சாமி என்று சொல்லலாம் என்றால், அந்தச் சொல் கூட்டத்தில் வேண்டாம் என்று போதகர் ஒருதரம் முகம் சுளித்திருந்தார். முதலாளி? அது கடைக்காரன். எல்லாருக்கும் மேலே இருக்கிறவர் யார் என்று யோசித்தான். சட்டென்று பிடிபட்டது.

"நம்ம பெரிய தொரை உங்களுக்கெல்லாம் வீடு ரெடி பண்ணி வச்சிருக்காரு! ஒழுகாத வீடு! அவரே வந்து உங்களக் கூட்டிக்கிட்டுப் போவாரு!"

பெரிய தொரை என்றால் தோட்டத்து மேனேஜர். அடேயப்பா, என்ன கைதட்டல்! பொம்பளைகள் அழுதார்கள். அதைப் பார்த்து ரேச்சலும் அழுது, அந்தப் பாட்டையே திரும்பத் திரும்பப் பாடினாள். பெருமையில் மோகனராஜுக்குத் தலைகால் புரியவில்லை.

மறுநாள் பிள்ளைகளுக்குப் பாட மறுபடி போனார்கள். தோட்டத்து ஆபீஸ் வாசலில் வேலாயி நின்றாள். காலடியில் சட்டி பானை, சுருட்டின பாய், கூடைக்குள் ஒரு கோழி. மற்றவர்கள் விசாரித்துக்கொள்ளலாம் என்று வேலைக்குப் போயிருந்தார்கள். வேலாயி விசாரிக்கவில்லை. சொன்னவன் அக்கா மகனாயிற்றே.

"என்ன சின்னம்மா இது?"

"தொரை வந்து கூட்டிக்கிட்டுப் போவாருன்னு நீதானடா மைக்குல சொன்ன? மொத ஆளா நிக்க வேணாமா?"

"அது இந்தத் தொரை இல்ல சின்னம்மா. அவங்க கும்புடுற சாமி. நான்தான் தப்பாச் சொல்லிட்டேன்."

"யாரு கட்டுனா என்ன? வீடு எங்க இருக்கு?"

"மேல."

"நம்ம தோட்டத்து மேல் டிவிசன்லயா? அங்கயும் மண்ணு சரியுதுன்னாங்களே."

"இல்ல சின்னம்மா. வானத்துல. செத்ததுக்கு அப்பறம்."

வேலாயி அவனையே பார்த்தாள். "செத்துட்டா எனக்கு வீடு எதுக்குடா? ஒரு குழி போதாதா?"

ரேச்சல் சிரித்த முகமாக இறங்கி வந்தாள். அம்மா என்ன சொல்கிறார் என்று கேட்டாள். நன்றி சொல்கிறார் என்று மழுப்பியிருக்கலாம். மழுப்புவது வேன்காரனுக்குப் புதுசா என்ன? ஆனால் அன்றைக்கு அவனுக்கு வெட்கமாக இருந்தது, தன் மேலேயே ஆத்திரமாகவும் இருந்தது. தொரையில் ஆரம்பித்துக் குழி வரைக்கும் எல்லாவற்றையும் அவளிடம் சொன்னான்.

தூறல் விழ ஆரம்பித்தது.

"சரி, சாமானத் தூக்கு. நனையறதுக்குள்ள பிள்ளைக்காம்பரா மூலையில வச்சிருவோம்" என்றாள் வேலாயி. கோழிக்கூடையை ரேச்சல் தூக்கிக்கொண்டாள்.

இந்த வருஷமும் வந்தார்கள். போதகர் சுகமாகத்தான் இருந்தார், ஆனாலும் அந்தத் தோட்டத்தில் மட்டும் மோகனராஜே மைக்கைக் கேட்டு வாங்கினான். அதே பாட்டு. "ஆண்டவரு ஒரு வீடு வச்சிருக்காருன்னு பாடப் போறாங்க. அது செத்ததுக்கு அப்பறம் கெடைக்கிற வீடு. யாரும் சாமானக் கட்ட வேணாம்" என்று முதலிலேயே சொல்லிவிட்டான். ஒருத்தரும் கைதட்டவில்லை.

"இப்பத்தான்டா சரியாச் சொன்ன!" என்று பின்னாலிருந்து சத்தம் போட்டாள், இன்னும் பிள்ளைக்காம்பராவிலேயே குடியிருக்கிற வேலாயி.